மழைக்கு அளவெடுத்த கதவு

ஜூன் 9

மொறுமொறு மாஸ்டருக்கு,

உங்க பொண்டாட்டிதான் எழுதறேன். கையெழுத்து அடையாளம் தெரியலைன்னா என்னைத் திட்டாதீங்க, இந்த ஊர்க் காத்தைத் திட்டுங்க. இங்க காகிதமே ஈரம். பேனாவை வச்சா மை வச்ச இடத்துல நிக்காம நாலு பக்கமும் நடக்குது. நேத்து கவர் எடுக்கலாம்னு மேஜை டிராயரைத் திறந்தேன். வாங்கி வச்ச கவர் அத்தனையும் தானா ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. உள்ள ஒரு வரி போறதுக்கு முன்னாடியே வாயை இறுக்கி மூடிக்கிட்டுது, உங்களை மாதிரி.

போன் வேண்டாம், கடிதமே எழுதலாம்னு நீங்க சொன்னது நல்ல யோசனைதான். போன்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி, யார் என்ன சொன்னாங்கன்னு யாருக்கும் புரியாம, கடைசியில ஒருத்தர் பட்டுனு வச்சுடறோம். பெரும்பாலும் நான்தான் வச்சேன். அதை விடுங்க. கடிதத்துல குறுக்கே பேச முடியாது. நான் முடிக்கிற வரைக்கும் நீங்க கேட்டுத்தான் ஆகணும்.

முதல்ல ஊரைச் சொல்றேன். விடியும்போதே காத்து வெதுவெதுன்னு மூஞ்சியில வந்து ஒட்டும். குளிச்சுட்டுத் துவட்டறதுக்குள்ள மறுபடி வேர்த்துடும். உப்பு ஜாடியில உப்பு இல்லை, உப்புத் தண்ணிதான் இருக்கு. தீப்பெட்டியைச் சட்டைப் பையில வச்சுக் காப்பாத்தினாத்தான் குச்சி பத்தும். மத்தியானம் ஒரு இலை அசையாது. மூணு மணி வாக்குல வயலுக்கு அந்தப் பக்கம் கருத்துக்கிட்டு வரும், கடகடன்னு கொட்டும், நின்னுடும். உடனே சுள்ளுனு வெயில். ரோடு பூரா ஆவி கிளம்பும். ராத்திரி தவளைங்க போடற சத்தத்துல ரேடியோ கேக்காது. துணி காய மூணு நாள். செருப்பைக் கொஞ்ச நாள் போடாம விட்டா மேல பச்சையாப் பூஞ்சை.

இதைப் படிச்சுட்டு மூக்கைச் சுளிக்கிறீங்க. தெரியும். ஆனா என் பன்னைப் பாக்கணுமே! மாவைப் பிசைஞ்சு மூடி வச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள தொட்டியை விட்டு எட்டிப் பாக்குது. காலையில போட்ட பன் மறுநாள் காலையிலயும் அமுக்கினா அமுங்கி, விட்டா எழுந்துக்குது. உங்க ஊர்ல சாயங்காலத்துக்குள்ள கல்லாப் போற அதே பன், அதே கை. ஜனங்க என்னைப் 'பஞ்சு'ன்னு கூப்பிட்டதுக்கு இப்பத்தான் அர்த்தம் வந்திருக்கு.

பெரியம்மா முட்டி வலின்னு மகன் வீட்டோட போயிட்டாங்க, கடையை என் கையில கொடுத்துட்டு. "கொஞ்ச நாள் நடத்திப் பாருடி. பிப்ரவரி முடியறதுக்குள்ள சொல்லு. உனக்கு வேண்டாம்னா வேற ஆளுக்கு விட்டுடறேன்"னு சொல்லியிருக்காங்க. எனக்கு இந்த பேக்கரி வேணும். நீங்களும் வேணும். ரெண்டுல ஒண்ணுன்னு சொல்லாதீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

வந்து பாருங்க.

பஞ்சு

*

ஜூன் 20

பஞ்சுவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். அடுப்பும் நலம்.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். உன் பன் நன்றாக வருவதில் மகிழ்ச்சி. ஆனால் என்னைப் பற்றி நீ ஒரு வரிகூட யோசிக்கவில்லை. பிஸ்கட் என்பது மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மட்டும் அல்ல. காய்ந்த காற்றும் வேண்டும். இந்த ஊரில் வெயில் அடித்தால் அடிக்கும், குளிர்ந்தால் குளிரும், ஆனால் காற்றில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. என் பிஸ்கட்டை உடைத்தால் தெருமுனைக்குச் சத்தம் கேட்கும். உன் ஆவிச் சட்டிக்கு வந்து நான் என்ன செய்வது? உன் பன்னுக்கு விசிறி வீசவா?

வாதம் வேண்டாம். இத்துடன் ஒரு டப்பா பிஸ்கட் அனுப்பியிருக்கிறேன். மூடியைச் சுற்றி மெழுகு வைத்திருக்கிறேன். திறந்து ஒன்றைத் தட்டில் வை. எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று உண்மையாக எழுது.

மைதா மூட்டை கொண்டுவரும் லாரி டிரைவர் உங்கள் பக்கம் போய் வருகிறவர். டிசம்பரிலும் ஜனவரியிலும் அந்த ஊர் சொர்க்கம் என்கிறார். காலையில் பனி, பிறகு இதமான வெயில், மின்விசிறியே வேண்டாமாம். ஆகையால் டிசம்பரில் பத்து நாள் வருகிறேன். பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்.

இங்ஙனம்,
உன் கணவன்

*

ஜூலை 2

அடேங்கப்பா! இங்ஙனமா?

கோபம் வந்தா மட்டும் நீங்க பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி எழுதறீங்க. கல்யாணம் ஆன புதுசுல வெண்ணெய்ச் சட்டியைக் கீழே போட்டப்பவும் "இது மிகவும் வருத்தத்திற்குரியது"ன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? நான் அப்பவே சிரிச்சுட்டேன். இப்பவும் சிரிச்சேன்.

டப்பா வந்தது. கடை திறந்ததும் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தட்டுல வச்சேன். உண்மையை எழுதச் சொன்னீங்க, எழுதறேன். காலைக் கூட்டம் முடிஞ்சு திரும்பிப் பாக்கறதுக்குள்ள அது வளையுது. உடையலை, வளையுது. பக்கத்து மருந்துக்கடை அண்ணன் எடுத்து ரெண்டா மடிச்சுக் காட்டினார். முதல்ல வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அப்புறம் உள்ள போய்க் கொஞ்சம் அழுதேன். உங்க பிஸ்கட் மடங்கி நான் பார்த்ததே இல்லை.

போதுமா? ஜெயிச்சுட்டீங்க. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க.

டிசம்பர்ல வராதீங்க.

நிஜமாத்தான் சொல்றேன். லாரி டிரைவர் சொன்னது பொய் இல்லை. அந்த ரெண்டு மாசம் இந்த ஊரைப் பார்த்தா யாருக்கும் பிடிச்சுடும். பெரியப்பாவும் அப்படித்தான் வந்தார். டிசம்பர்ல வந்து, பனியைப் பார்த்து, பூவைப் பார்த்து, பெரியம்மாவையும் பார்த்து, இங்கயே இருந்துடறேன்னு கல்யாணம் பண்ணிக்கிட்டார். மழை ஆரம்பிச்சது. சுவர் வேர்க்க ஆரம்பிச்சது. ஒரே மழைக்காலம்! "அண்ணன் ஊர்ல ஒரு வேலை"ன்னு கிளம்பினவர்தான். அதுக்கப்புறம் வருஷா வருஷம் டிசம்பர் பிறந்தா வருவார், பிப்ரவரியில பையைத் தூக்கிடுவார். சாகிற வரைக்கும் இதே கதை. பெரியம்மாவுக்குப் புருஷன் வருஷத்துல ரெண்டு மாசம். மீதிப் பத்து மாசம் மழையும் புழுக்கமும் அந்த அடுப்பும்தான்.

எனக்கு ரெண்டு மாசப் புருஷன் வேண்டாம். அதனால அக்டோபர்ல வாங்க. விடாமப் பெய்யும், கரண்ட் போகும், தலையணை நாறும். அப்ப வாங்க. அதைப் பார்த்துட்டு இருக்கேன்னு சொன்னா, இருங்க. முடியாதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போங்க. பனியைக் காட்டி உங்களை ஏமாத்த எனக்கு இஷ்டம் இல்லை.

பஞ்சு

*

ஜூலை 18

பஞ்சுவுக்கு,

கட்டின புருஷனுக்கு வராதே என்று எழுதிய முதல் பெண் நீயாகத்தான் இருப்பாய். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பிஸ்கட் அடுக்கப் போனேன். ஒரு தட்டு முழுக்கக் கருகிவிட்டது. என் கையால் பிஸ்கட் கருகி எத்தனை வருஷம் ஆகிறது என்று உனக்கே தெரியும்.

உன் பெரியப்பாவையும் என்னையும் ஒரே தராசில் வைக்கிறாய். அவர் மாதிரி ஓடுகிறவனா நான்? பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள் உன்னை விட்டுவிட்டு வெளியூரில் தங்கியிருக்கிறேனா? விட்டுவிட்டுப் போனது யார்?

கேட்டுவிட்டேன். எழுதினதை அடிக்கப் போவதில்லை.

இங்கே எல்லாரும் பன் கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லி அலுத்துப்போய் நானே போட்டேன். உன் அளவுதான், உன் தொட்டிதான். கண்டக்டர் ஒருத்தர் வாங்கிக் கடித்துப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இது உங்க பெரிய சைஸ் பிஸ்கட்டா?" என்று கேட்டார். அவர் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். அங்கே தினமும் இடி இடிக்கிறதா? இங்கே எப்போதோ ஒரு தடவை இடித்தாலே நீ மைதா மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாய். நான்தான் வந்து கையைப் பிடித்து எழுப்ப வேண்டும். அங்கே என்னடி செய்யற?

*

ஆகஸ்ட் 11

என்னங்க,

கடைசி வரியில 'டி' போட்டீங்க. அதை மட்டும் நாலு தடவை படிச்சேன்.

இடியைக் கேக்கறீங்க. முதல் வாரம் மூட்டைக்குப் பின்னாடிதான் உட்கார்ந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா இங்க தினமும் இடிக்குதுங்க. தினமும் ஒளிஞ்சா வியாபாரம் யார் பண்றது? இப்ப அந்த இடிதான் என் கடை மணி. மேகம் கருக்க ஆரம்பிச்சா பள்ளிக்கூட டீச்சருங்க, ஆஸ்பத்திரி நர்ஸுங்க, பஸ் ஸ்டாண்ட் ஆளுங்க எல்லாரும் நனையறதுக்கு முன்னாடி வாங்கிட்டுப் போயிடணும்னு ஓடி வர்றாங்க. கையும் காலும் போதாது எனக்கு. முதல் இடி விழும்போது ரேக் காலி. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, டீயைப் போட்டுக்கிட்டு, மழையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துடுவேன். தனியா உட்கார்றதுதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு. கையைப் பிடிக்க ஆள் இல்லை, பயமும் போயிடுச்சு. எது முதல்ல போச்சுன்னு தெரியலை.

வேலையும் பிடிபட்டுடுச்சு. ஈஸ்ட்டைப் பாதியாக் குறைச்சுட்டேன். கிணத்துத் தண்ணியிலதான் பிசையறேன், அதுதான் குளிர்ச்சி. சர்க்கரை கட்டி தட்டினா உரல்ல போட்டு ஒரு இடி. மழை விடாம பெய்யற நாள்ல மாவுக்குத் தண்ணியைக் குறைக்கணும், ஏன்னா மைதாவே பாதித் தண்ணி குடிச்சுட்டுத்தான் வருது. யாரும் சொல்லிக் கொடுக்கலை. கெட்டுப் போய்க் கெட்டுப் போய்க் கத்துக்கிட்டேன்.

இப்ப நீங்க கேட்டதுக்கு வர்றேன். விட்டுட்டுப் போனது யாருன்னு கேட்டீங்க. நான்தான். ஆமாம். பன்னிரண்டு வருஷம் உங்க ஊர்ல காஞ்சேன். குதிகால் வெடிச்சு ரத்தம் வரும், உதடு வெடிக்கும், மூக்கு எரியும். நல்லெண்ணெயைத் தடவிக்கிட்டு அடுப்பு முன்னாடி வந்து நிப்பேன். ஒரு நாள் உங்க காத்தைக் குத்தம் சொல்லியிருக்கேனா? ஆனா நீங்க கல்லாவுல உட்கார்ந்துக்கிட்டு, வர்றவங்ககிட்ட எல்லாம், "பன் காலையில மட்டும் வாங்குங்க, சாயங்காலம் தாங்காது. பிஸ்கட்தான் நம்ம கடையில பேரு"ன்னு சொல்லுவீங்க. நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன். நீங்க பொய் சொல்லலை. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

இங்க என் பன்னுக்கு சாயங்காலம் உண்டு. அதைப் பார்க்க வாங்க. அக்டோபர்ல.

பஞ்சு

*

செப்டம்பர் 28

பஞ்சுவுக்கு,

அக்டோபர் ஆறாம் தேதி சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். மழைக்கோட்டு வாங்கினேன். "இந்த ஊர்ல இதை வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று கடைக்காரன் சிரித்தான். பொண்டாட்டியைப் பார்க்கப் போறேன்னு சொன்னேன். இன்னும் அதிகமாகச் சிரித்தான்.

இன்னொரு டப்பா பிஸ்கட்டும் கொண்டு வருகிறேன். வெறுங்கையோடு எப்படி வருவது?

*

அக்டோபர் 17

மகாராஜாவுக்கு,

போய்ச் சேர்ந்தீங்களா? உடம்பெல்லாம் காஞ்சுதா? சௌக்கியமா?

ஆஸ்பத்திரிக்கு ரொட்டியைக் கொடுத்துட்டு முழங்கால் தண்ணியில நடந்து நனைஞ்சு வந்து பாக்கறேன், ஆளைக் காணோம். பையைக் காணோம். மழைக்கோட்டு மட்டும் ஆணியில தொங்குது. கொட்டற மழையில மழைக்கோட்டைக்கூட எடுக்காம ஓடற அளவுக்கு என்ன அவசரம்? இனிமே இது எனக்குத் தேவைப்படாதுன்னு சொல்லாம சொல்லிட்டுப் போனீங்களா?

முந்தின நாள் நான் கத்தினேன். ஒத்துக்கறேன். மருந்துக்கடை அண்ணன் மாத்திரை எண்ணறதை விட்டுட்டு எட்டிப் பாக்கற அளவுக்குக் கத்தினேன். கத்தாம என்ன பண்றது? வெளியில போயிட்டு வர்றதுக்குள்ள பின்கட்டுக் கதவைக் கழட்டிச் சாய்ச்சு வச்சு இழைப்புளி போட்டுச் சீவிட்டீங்க! தரை பூரா மரச்சுருள். இந்த ஊர்ல பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும், மழைக்காலத்துல மரக்கதவைத் தொடக்கூடாதுன்னு. ஈரத்துல மரம் ஊதும், கதவு இறுகும், தோளால ஒரு இடி இடிச்சுச் சாத்திக்கிட்டுப் போயிடுவோம். வெயில் வந்தா தானா சரியாகும். ஊதின கதவைச் சீவினா, காயும்போது என்ன ஆகும்? பெரியம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

"உங்க வறண்ட ஊர்ப் புத்தியை இங்க காட்டாதீங்க"ன்னு கத்தினேன். கத்தினா நீங்களும் பதிலுக்குக் கத்தணும். அதுதானே நம்ம வழக்கம்? விடிஞ்சதும் சொல்லாமக் கொள்ளாம பஸ் ஏறறது எந்த ஊர் வழக்கம்? எங்க பெரியப்பாகூட ஒரு மழைக்காலம் இருந்தார். நீங்க ஒரு வாரம்!

நீங்க வந்த நாள்லேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்க. ஷூவுல பூஞ்சை வந்தப்பவும் பேசலை. என் அடுப்புல பிஸ்கட் போட்டுப் பார்த்து அது தொய்ஞ்சப்பவும் பேசலை. பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போங்கன்னு நான் அப்பவே எழுதினேன். அதைக்கூட உங்களால பண்ண முடியலை.

கண்ணு எரியுது. நிறுத்தறேன்.

*

நவம்பர் 5

பஞ்சு,

ஏழெட்டு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். புத்தகத் தமிழ்ல எழுதினா நீ சிரிப்ப. அதனால பேசற மாதிரியே எழுதறேன்.

அந்தக் கதவைப் பத்தி முதல்ல. நான் வந்த ராத்திரி நீ ரவிக்கை மாத்தும்போது உன் வலது தோளைப் பார்த்தேன். நீலம் பாரிச்சுக் கிடந்தது. என்னடின்னு கேட்டதுக்கு, "ஒண்ணுமில்லை, கதவு"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்ட. மறுநாள்லேர்ந்து எண்ணாம இருக்க முடியலை எனக்கு. மூட்டை எடுக்கப் போனா ஒரு இடி, தண்ணி எடுக்கப் போனா ஒரு இடி, அதே தோள். நீ பாட்டுக்குப் பாட்டுப் பாடிக்கிட்டே இடிக்கற. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் வலிச்சுது. நீ ஆஸ்பத்திரிக்குப் போனதும் மருந்துக்கடைக்காரர்கிட்ட இழைப்புளி இரவல் வாங்கினேன். அவர், "இப்ப வேண்டாம் சார், மழை விடட்டும்"னுதான் சொன்னார். நான் கேக்கலை. நீ வந்து ஒரு விரலால தள்ளி மூடறதைப் பாக்கணும்னு ஆசை. அவ்வளவுதான்.

நீ கத்தினப்ப பதிலுக்குக் கத்த வாய் வரலை. அவமானமா இருந்தது. வந்த இடத்துல பிஸ்கட்டும் தொய்ஞ்சு, கதவையும் கெடுத்து, எதுக்கும் உதவாத ஆளா நிக்கறேனேன்னு ஆயிடுச்சு. அதனாலதான் கிளம்பினேன். உன் மழைக்கு பயந்து இல்லை. சொல்லாம வந்தது தப்பு. திட்டு, வாங்கிக்கறேன்.

மழைக்கோட்டை எதுக்கு விட்டுட்டு வந்தேன்னு கேட்ட. இந்த ஊர்ல அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

இன்னொண்ணு. அங்க இருந்தப்ப சொல்லத் தெரியலை. ரெண்டாம் நாள் கரண்ட் போச்சு பாரு, சாயங்காலம், நீ மெழுகுவர்த்தி தேடிக்கிட்டிருந்த. பசிச்சுதுன்னு காலையில போட்ட பன் ஒண்ணு எடுத்துத் தின்னேன். அப்படியே உட்கார்ந்துட்டேன் பஞ்சு. பன்னிரண்டு வருஷம் உன் பக்கத்துலயே நின்னு அடுப்பு எரிச்சிருக்கேன், உன் பன்னோட சாயங்காலத்தை அன்னிக்குத்தான் பார்த்தேன். இருட்டுல இன்னொண்ணும் எடுத்துத் தின்னேன். கணக்குல ரெண்டு குறைஞ்சிருக்கும்.

ஆனா எனக்கு அங்க என்னடி வேலை? நீ மாஸ்டர், நான் எடுபிடின்னு இருக்கறதுல எனக்கு வெக்கம் இல்லை. பிஸ்கட் போடாம இருக்கறதுதான் முடியாது. காலையில எழுந்தா கை தானா வெண்ணெயைத் தேடுது. இதுக்கு ஒரு வழி சொல்லு. கேலி பண்ணாம சொல்லு.

*

டிசம்பர் 14

என்னங்க,

உங்க கடிதத்தை வச்சுக்கிட்டு இத்தனை நாள் பதில் போடாம இருந்தேன். கோபம் இல்லை. வழி கண்டுபிடிச்சுட்டு எழுதலாம்னுதான்.

தோளைப் பார்த்துட்டு வாயைத் திறந்து, "பஞ்சு, எனக்குத் தாங்கலை"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் கத்தப் போறேன்? கல்லாவுல உட்கார்ந்து அத்தனை பேச்சுப் பேசற மனுஷன், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்ல மாட்டீங்க. சரி, மன்னிச்சாச்சு.

இப்ப கேளுங்க. நீங்க கிளம்பற அவசரத்துல உங்க பிஸ்கட் டப்பாவை அடுப்புக்கு மேல இருக்கற செங்கல் பலகையில வச்சுட்டுப் போயிட்டீங்க. நான் கவனிக்கவே இல்லை. நவம்பர் கடைசியில ஒரு பேய் மழை. ரெண்டு நாள் விடாம ஊத்துச்சு. சுவர்ல தண்ணி ஓடுது, செய்தித்தாள் துணி மாதிரித் தொங்குது. அன்னிக்கு ஏதோ எடுக்க ஏறினவ இந்த டப்பாவைப் பார்த்தேன். மூடிகூடச் சரியா மூடலை. கெட்டிருக்கும், கொட்டிடலாம்னு ஒண்ணு எடுத்து உடைச்சேன்.

சத்தம் கேட்டுதுங்க! மருந்துக்கடை அண்ணனுக்கே கேட்டுது. அவரையும் கூப்பிட்டுக் கையில ஒண்ணு கொடுத்து மடிக்கச் சொன்னேன். மடியலை. உடைஞ்சுது. நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உடைச்சே டப்பாவுல பாதி காலி. அந்தப் பலகையில எப்பவும் அனல் இருக்கு, ஈரம் அண்ட முடியலை. அதை நீளமாக் கட்டிட்டா போதும். பிஸ்கட் அங்கேயே இருக்கட்டும், கேக்கறவங்களுக்குச் சுடச்சுட எடுத்துக் கொடுங்க, நின்ன இடத்துலயே தின்னுட்டுப் போகட்டும். வீட்டுக்குக் கட்டிட்டுப் போனாத்தானே தொய்யும்? அந்த மழையில டீயோட மொறுமொறுன்னு ஒண்ணு கிடைச்சா இந்த ஊர் உங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடும். நீங்க டப்பாவை வேணும்னு வச்சீங்களா, மறந்து வச்சீங்களா? நிஜத்தைச் சொல்லணும்.

இப்ப நல்ல காலம் வந்தாச்சு. காலையில பனி இறங்கினா எதிர்ல இருக்கற தபால் பெட்டி தெரியாது. அப்புறம் இதமா ஒரு வெயில். துணி ஒரே நாள்ல காயுது. உங்க லாரி டிரைவர் சொன்ன சொர்க்கம்.

கதவையும் சொல்லிடறேன். காஞ்சு சுருங்கிடுச்சு. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவுல என் விரல் போகுது. பனி உள்ள வருது, காத்து வருது, பல்லி வருது. "மாஸ்டர் வச்ச ஜன்னல்"னு அண்ணன் பேர் வச்சுட்டார். ஆசாரியை வரச்சொல்லி ஒரு கட்டை அடிச்சு அடைக்கலாம்னு பார்த்தேன். அவர் ஆணியை எடுத்ததும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. வேண்டாங்கன்னு டீயைக் கொடுத்து அனுப்பிட்டேன். ஏன்னு கேக்காதீங்க.

பெரியம்மாகிட்ட கடையை எடுத்துக்கறேன்னு சொல்லப் போறேன். நீங்க வந்தாலும் சொல்லுவேன், வராட்டியும் சொல்லுவேன். வராட்டி அழுவேன், அழுதுக்கிட்டே மாவு பிசைவேன். ஆனா இப்ப வராதீங்க. இந்தப் பனியில நீங்க வந்து நின்னா, எதுக்கு வந்தீங்கன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

பஞ்சு

*

ஜனவரி 8

பஞ்சு,

மறந்துதான் வச்சேன். ஆனா ஊர்ல கேட்டா வேணும்னு வச்சார்னு சொல்லிடு. மாஸ்டர்னு பேர் வாங்கிட்டோம் இல்லையா.

பலகைக்குச் செங்கல் போதாது. மேல ஒரு இரும்புத் தகடு வேணும், அப்பத்தான் அனல் ஒரே மாதிரி பரவும். இங்க பட்டறையில அடிக்கக் கொடுத்திருக்கேன். நீ எதையும் கட்டாத, நான் வந்து கட்டறேன்.

இந்தக் கடையை எதிர்ல இருக்கற டீ மாஸ்டர் எடுத்துக்கறார். மார்ச் முதல் வாரம் சாவியைக் கொடுத்துடுவேன். பேச்சு முடிஞ்சுது. நீ பெரியம்மாகிட்ட சொல்லிட்டியா, நான் வருவேனா மாட்டேனான்னு பார்த்துக்கிட்டு நிக்கலையே? நிக்காத. அவங்களுக்கு இன்னிக்கே போன் பண்ணு.

இப்ப வர மாட்டேன். நீ சொன்னது சரி. முதல் மழை விழட்டும், ஒரு வரி எழுது. மறுநாள் பஸ்ல இருப்பேன்.

அந்தக் கதவுல யாரையும் ஆணி அடிக்க விடாத. நான் யோசிச்சுப் பார்த்தேன். உங்க ஊர்ல அத்தனை பேரும் ரெண்டு மாச வெயிலுக்கு அளவெடுத்த கதவை வச்சுக்கிட்டு, பத்து மாசம் தோளால இடிச்சுக்கிட்டிருக்கீங்க. கேட்டா தானா சரியாகும்னு சொல்றீங்க. நான் சீவினது தெரியாமச் சீவினதுதான். இருந்தாலும் அது மழைக்கு அளவெடுத்த கதவு. ரெண்டு மாசம் இடுக்கு இருக்கும், பனி வரும். ஒரு சாக்கைத் தொங்கவிட்டுப் பொறுத்துக்கோ. மீதிப் பத்து மாசமும் அது அதோட இடத்துல சரியா இருக்கும்.

நானும்தான்.

உன் மொறுமொறு

*

மார்ச் 19

என்னங்க,

முந்தாநாள் மத்தியானம் மூணு மணிக்குக் கருத்துக்கிட்டு வந்தது. ரேக் காலியாறதுக்குள்ள கொட்ட ஆரம்பிச்சுது. விடாம மூணு நாளாப் பெய்யுது. உப்பு தண்ணியாச்சு. கவர் எல்லாம் மறுபடி ஒட்டிக்கிட்டுது, அதனால இதை மடிச்சு மேல பசை தடவி அனுப்பறேன். அண்ணன் கடையில, பள்ளிக்கூடத்துல, ஆஸ்பத்திரியில எல்லாக் கதவும் இறுகி, ஊரே இடிச்சுக்கிட்டிருக்கு.

பழக்கத்துல நானும் இன்னிக்குக் காலையில தோளைக் கொடுத்துட்டேன். கதவு லேசாப் போய்ச் சாத்திக்கிச்சு, நான்தான் தடுமாறி அதும் மேலயே விழுந்தேன். மறுபடி திறந்து, ஒரு விரலால தள்ளினேன். டக்குனு ஒரு சத்தம். காத்து இல்லை, பல்லி இல்லை, இடுக்கு இல்லை. சரியா மூடிடுச்சு. ஒண்ணும் பண்ணத் தோணாம கொஞ்ச நேரம் அதைத் திறந்து திறந்து மூடிக்கிட்டே நின்னேன்.

மழைக்கோட்டு ஆணியில இருக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துக்கிட்டு வர்றேன்.

பஞ்சு